நளினா திரும்பிப் போவாளா?

நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் தொழிலில் ஜோசியருக்குத் தட்சணை உண்டு, அவருடைய கிளிக்கு நெல் உண்டு. எனக்குக் கிடைத்ததெல்லாம் தினமும் விடிந்ததும் இருநூறு பேர் அனுப்பும் ரோஜாப்பூப் போட்ட குட்மார்னிங் மட்டும்தான்.

தொழில் என்பது நான் வைத்த பெயர். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்து, எதையும் பாயின்ட் பாயின்டாகப் பேச வேண்டும் என்று சிஸ்டர்களிடம் பிரம்படி வாங்கி, அப்புறம் இருபத்தாறு வருஷம் அந்தத் திறமையை ரசத்துக்குப் புளி கரைக்கப் பயன்படுத்தியவள் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அதற்கு வேறு வேலை கிடைத்தது. எட்டு மணி சீரியலில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்து, மறுநாள் காலை பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு நிமிஷம் குரல் அனுப்புவது. குரூப்பின் பெயரும் ‘எட்டு மணி’தான். அட்மின் ஜெசிந்தா, திண்டுக்கல் மரியநாதபுரம்.

சீரியலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை எழுதுகிறவர் படித்துத் திருந்திவிடுவாரோ என்று பயம். ஆட்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நளினா, நல்ல மருமகள். கிருபாகரன், அவள் புருஷன், கோபம் வந்தால் கை நீட்டுகிறவன். கோமளவல்லி, மாமியார், மாடிப்படியில் நிற்காமல் ஒரு வசனமும் பேசாதவள். மற்றவர்கள் எல்லாம் வந்து போகிறவர்கள்.

குரூப் நடத்தி நொந்தவர்கள், அபிப்பிராயம் கேட்டார்களே என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள், நீல டிக் விழுந்ததா என்று போனைப் பார்த்துப் பார்த்துப் பாலைப் பொங்கவிட்டவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

டிரைவர்தான் அப்பா

எங்கள் தெருவில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். ஜெபம் இருபது நிமிஷம், சுண்டல் பத்து நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் சீரியல். அப்படி ஒரு நாள் சுண்டல் சாப்பிடும்போது, நளினா வீட்டுக் கார் ஓட்டுகிற டிரைவர்தான் அவளைப் பெற்ற அப்பா என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் வியாழக்கிழமையே டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “நான்தாம்மா உன்னப் பெத்தவன்” என்று விழுந்தார். வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஏழு ஜோடி செருப்பு.

இதில் ஒரு அதிசயமும் கிடையாது. கார் ஓட்ட வந்த மனுஷன் முகத்தை எதற்கு மூன்று தடவை கிட்டத்தில் காட்ட வேண்டும்? திங்கட்கிழமை சிரித்தவர்கள் வெள்ளிக்கிழமை அழுவார்கள். ஒருத்தி இருமினால் ஆஸ்பத்திரி, மயங்கினால் கர்ப்பம். “இனிமே நமக்கு நல்ல காலந்தான்” என்று யாராவது வாயைத் திறந்து சொல்லிவிட்டால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைத்துவிடலாம். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை விடச் சுலபம்.

ஆனால் எங்கள் எதிர்வீட்டு ரோஸ்மேரி அன்றைக்குக் கேட்டதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேனே, அங்கேதான் தப்பு ஆரம்பம். அவள் புருஷன் குவைத்துக்குப் போய் நாலு வருஷம். எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் நின்று, சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப எங்க வீட்டுக்காரரு எப்ப வருவாருன்னும் செத்த பாத்துச் சொல்லுங்கக்கா.”

குண்டானுக்குள் என் குரல்

ஒரு நாள் காஸ் சிலிண்டர் வரத் தாமதம். அதற்காக வாசலில் நின்றதில் பதினொரு மணிக் குரல் பன்னிரண்டாகியும் போகவில்லை. அறிமுகமில்லாத நம்பரிலிருந்து போன். அகரத்திலிருந்து மாரி என்று ஒரு பெண். குரூப்பில் இருக்கிறாளாம். இருநூறு பேரில் யாரைத் தெரியும்?

பேசப் பேசத்தான் விஷயம் தெரிந்தது. அகரத்தில் அவள் அம்மா காளியம்மாவுக்குக் கொஞ்சம் பூத்தோட்டம் இருக்கிறது. காலையில் பறித்த பூவை எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டுவார்கள். மத்தியான பஸ்ஸில் சரம் திண்டுக்கல்லுக்கு வந்துவிட வேண்டும். என் குரல் வந்ததும் போனை ஒரு வெறும் சில்வர் குண்டானுக்குள் போடுவார்களாம். ரேடியோ வைத்த மாதிரி எட்டுப் பேருக்கும் கணீரென்று கேட்குமாம். என்னை இதுவரை யாரும் பாத்திரத்துக்குள் போட்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மாரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஆறு வயதில் ஒரு மகள். கட்டிக்கொடுத்தது வத்தலக்குண்டில். “லீவுக்கு வந்திருக்கியாம்மா?” என்று கேட்டேன். “எட்டு மாசமா இங்கதான்கா” என்றாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். சிலிண்டர்க்காரர் வந்துவிட்டார். அதற்குள் அவளே பேச்சை மாற்றிவிட்டாள்: “உங்க சத்தம் வரலைன்னா கை ஓட மாட்டேங்குதுக்கா. எட்டுப் பேரும் குண்டானையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். பூவு மலந்துபோச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

பூசையில் நளினா

என் வாழ்க்கையின் பெரிய சறுக்கல் இது. ஷூட்டிங்கில் எடுத்த படம் என்று யாரோ ஒன்றை அனுப்பினார்கள். நளினா கண்ணை மூடியிருக்கிறாள், கழுத்தில் பெரிய மாலை, பின்னால் கூட்டம். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அன்றைய குரலில் தொண்டை கரகரக்க அறிவித்துவிட்டேன்: “நளினா கதை முடியப் போகுது. மனசத் தேத்திக்கங்க.”

அகரத்திலிருந்து மாரி மட்டும் தனியாக எழுதியிருந்தாள்: ‘அக்கா அது சாவு மாலை இல்ல. முகூர்த்த மாலைக் கட்டு. நாங்க கட்டுறதுதான், தெரியும்.’ பூக்கட்டுகிற பெண் எனக்குக் கதை சொல்லித் தருகிறாளா என்று பதில் போடவில்லை. அவள் சொன்னதுதான் நடந்தது. கிருபாகரனுக்குக் கட்டம் சரியில்லை என்று, பரிகாரத்துக்காக நளினாவுக்கு மறுபடியும் தாலி கட்டினார்கள். கண்ணை மூடியிருந்தது சாமி கும்பிட.

அதற்குள் ரோஸ்மேரி ஒரு காரியம் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட வேண்டிய கருத்து என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜூபிலி கொண்டாடும் தம்பதியருக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக என்று சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்த சாமியார், ‘உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் நளினாவுக்காக’ என்றும் வாசித்தார். கோயில் முழுக்க, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. நானும் சொன்னேன், வேறு என்ன செய்ய? பூசை முடிந்ததும் சாமியார் எங்கள் தெருப் பெண்களிடம் நேராக வந்தார். நான் ஸ்கூட்டியை எடுப்பதற்குள் பிடித்துவிட்டார். ஒரு கையில் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழ், மறு கையில் பங்கின் குடும்பப் பதிவேடு. உண்மையான அக்கறையோடு கேட்டார்: “நளினாங்கறது எந்த வீடும்மா? மத்தியானம் அவஸ்தைப்பூசுதல் குடுக்கப் போகலாம்னு தேடுறேன், பேரே இல்லையே.”

இரண்டு கட்சி

அந்தப் பரிகாரக் கல்யாணப் பந்தலிலேயே கிருபாகரன் நளினாவை அறைந்தான். இரண்டாவது தாலியின் மஞ்சள் காயவில்லை. நளினா பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினாள். மறுநாள் காலை ‘எட்டு மணி’ குரூப் இரண்டாகப் பிளந்திருந்தது.

மாமியார் வயதுக்காரர்கள் ஒரு கட்சி: ஒரு அடிக்கா வீட்டை விட்டுப் போவது? மருமகள் வயதுக்காரர்கள் இன்னொரு கட்சி: அந்த ஒரு அடி எத்தனையாவது அடி? இதில் ஒரே வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு குரூப்பில் அடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் வெளியேறினார்கள். இன்னும் இரண்டு பேரைப் போகவிடாமல் கெஞ்சி நிறுத்தினேன். எல்லோரும் என் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

தீர்ப்பு சொன்னேன். “நூறு சதவீதம் திரும்பிப் போவா. அறுபது எபிசோடு தாங்காது.” காரணமும் பாயின்ட் பாயின்டாக. ஒன்று, அவ்வளவு பெரிய வீட்டையும் மாடிப்படியையும் சும்மா போட்டு வைக்க மாட்டார்கள். இரண்டு, நளினா இல்லாமல் கோமளவல்லி யாரைத் திட்டுவாள்? மூன்று, போனவள் வந்தால்தான் மறுபடியும் போக முடியும். நான் கதையைத்தான் சொன்னேன், நியாயத்தைச் சொல்லவில்லை. நாலு நிமிஷக் குரலில் அந்த வித்தியாசம் யாருக்குக் கேட்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

தீர்ப்புக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. கடைசியில் சமாதானத்துக்கு வந்தது பழனியில் லாட்ஜ் நடத்துகிற சுலோச்சனாதான். சாதாரணமாகக் கையெடுத்துக் கும்பிடுகிற படத்தைத் தவிர எதையும் அனுப்பாதவர். முதல்முறையாகக் குரல் அனுப்பினார்: “ஏனுங்க, எதுக்குங்க இத்தனை சண்டை? நம்ம லாட்ஜுல ரூமு சும்மாதானுங்க கெடக்குது. முடிவு தெரியற வரைக்கும் அந்தப் புள்ளைய இங்க வந்து இருந்துக்கச் சொல்லுங்க.”

மாரி கேட்டது

ஒரு செவ்வாய்க்கிழமை மாரி போன் செய்தாள். இந்தத் தடவை பின்னால் பேச்சுச் சத்தம் இல்லை. தோட்டத்துக்குள் போய் நின்று பேசுகிறாள் போல.

“அக்கா, நளினா நெசமாவே போயிருமா?”

“போவா. ஏன்?”

“எந்த வாரம்னு தெரியுமா?”

எனக்கு எரிச்சல். அடுப்பில் வெஞ்சனம். “சீரியல்தானே மாரி, இந்த வாரம் இல்லாட்டி அடுத்த வாரம்” என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவள் புருஷனுக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்தே அடி. போன வருஷம் வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய், கட்டுப் போட்டு, அதோடு அகரத்துக்கு வந்தவள் போகவில்லை. “குடியெல்லாம் கெடையாதுக்கா. அதான் சங்கடம். குடிச்சாருன்னா அதுனாலன்னாவது சொல்லிக்கலாம்.” அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டுதான் தினமும் அத்தனை முழம் கட்டுகிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் ஆட்களோடு அழைத்துப் போக வருகிறானாம். காளியம்மாவுக்கு மகளை அனுப்பிவிட வேண்டும், ஊர் வாயை மூட வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் தினம் சண்டை. இருவரும் ஒன்றாக உட்கார்வது அந்த எட்டு மணிக்கு மட்டும்தான். நளினா பெட்டியோடு வெளியேறிய அன்றைக்கு, காளியம்மா ஒரு பேச்சு வைத்திருக்கிறார். மாரியும் நளினா எங்கே திரும்பிப் போகப்போகிறாள் என்ற தைரியத்தில் சரி என்றிருக்கிறாள். வெஞ்சனம் அடிப்பிடித்த வாசனை வந்தும் நான் நகரவில்லை.

“அம்மா வச்ச பேச்சு இதுதான்கா. நளினா போகாட்டி என்னையும் போகச் சொல்லாது. நளினா போயிட்டா நானும் மறுபேச்சுப் பேசாமப் போயிரணும். நீங்கதான் நூறு சதவீதம்னு குண்டான்ல சொல்லிட்டீகளே.”

பொய்க் குரல்

மூன்று வருஷத்தில் நான் தப்பாகச் சொன்னது உண்டு. பொய் சொன்னது கிடையாது. புதன்கிழமை சொன்னேன். “நளினா போக மாட்டா. தையல் மெஷின் ஒண்ணைக் காட்டுனாங்க பாத்தீங்களா, அவ தனியாக் கடை வைக்கப் போறா.” தையல் மெஷினைக் காட்டியது உண்மைதான். பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகையும் தெரிந்தது. அது கதைக்கு வந்த மெஷின் இல்லை, விளம்பரத்துக்கு வந்த மெஷின் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். வழக்கமாக நாலு நிமிஷம் போகும் குரல் அன்றைக்கு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பொய்க்குப் பாயின்ட் கிடைப்பதில்லை.

குரூப் நம்பவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையா, அக்கா கட்சி மாறிட்டாங்களா, அக்கா நம்பர யாரும் திருடிட்டாங்களா என்று வரிசையாக வந்தது. அது போகட்டும். வியாழக்கிழமை கோமளவல்லி மாடிப்படியிலிருந்து இறங்கி, நளினாவின் போட்டோவைத் துடைத்துக் கண்ணைக் கசக்கினாள். கீழே இறங்கினாலே முடிந்தது கதை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் தையல் மெஷின் என்று சொல்லி அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பும் முன் பேப்பர் படிப்பார். பேப்பரை விரித்துப் பிடித்தபடி நான் பேசுவதை முழுக்கக் கேட்பார், ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்குப் பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். “ஏன் ஜெசி, செவ்வாக்கிழம வரைக்கும் போவான்ன, இப்பப் போக மாட்டாங்கற. டைரக்டருக்கு இல்லாத கவலை உனக்கு எதுக்கு?”

இனி கிருபாகரனாக

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரோமோ வந்தது. நளினா பெட்டியோடு அந்தப் பெரிய வீட்டு வாசலில் நிற்கிறாள். கோமளவல்லி ஆரத்தித் தட்டோடு வருகிறாள். கிருபாகரன் கண் கலங்கிக் கைகூப்பி நிற்கிறான். கீழே ஒரு வரி ஓடியது. பழைய கிருபாகரன் வேறு சானலுக்குப் போய்விட்டாராம். இனிமேல் இவர்தான் கிருபாகரன். புது ஆள் கன்னத்தில் குழி விழுகிற பையன்.

சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. மூன்று வருஷத்தில் நளினாவின் தங்கை இரண்டு தடவை மாறியிருக்கிறாள். முதல் நாள் முகத்தைச் சுளிப்போம், நாலாம் நாள் பழகிவிடும். நான் அந்த வரியைப் பார்த்ததோடு சரி. என் கண்ணெல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தது. உடனே மாரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன்: ‘அது கதை. நீ போகாதே.’ இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. சனிக்கிழமை காலையில் குரல் அனுப்பவே இல்லை, வராத தொண்டைவலியைச் சாக்கு சொல்லிவிட்டேன். மாரிக்கு மறுபடி அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நளினா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போயேவிட்டாள். என் செய்தி அப்போதும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

குரூப்பில் கொண்டாட்டம். இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. வெளியேறின மூன்று பேரும் திரும்பி வந்து, நான் முதலில் சொன்னதுதான் பலித்தது என்று மாலை போட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ரோஸ்மேரி நேராகவே ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். “புதுக் கிருபாகரன் மூஞ்சியப் பாருங்கக்கா. இவனுக்கெல்லாம் அடிக்க வராது.”

நாலு நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு அகரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து பாயின்டுகளை அடுக்கினேன். ஒன்று, சட்டம். இரண்டு, பெண் குழந்தை. மூன்று, மணிக்கட்டு. நாலாவது யோசிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. இதுவரை பார்த்திராத ஒரு வீட்டுக்குள் போய், பார்த்திராத ஒரு பெண்ணுக்காகப் பேச வேண்டும். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று பெரியவர்கள். நாலாவதில் அவன். நான் முரடனைக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் பழனிப் பஞ்சாமிர்த டப்பாவோடு, தலை குனிந்து மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. ஓரமாகப் பெண்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள், நடுவில் அந்தக் குண்டான். கதவுக்குப் பக்கத்தில் ஜிப் போட்ட துணிப்பை. அதைப் பார்த்ததும் என் மூன்று பாயின்டும் மறந்துபோனது.

பெயரைச் சொன்னேன். டீத் தட்டோடு வந்த காளியம்மா வந்தவர்களிடம், “இவுகதான் நம்ம குண்டான்ல பேசுறவுக” என்றார். நடுவில் இருந்தவர் பையனின் பெரியப்பா. அவருக்கு ஒரே உற்சாகம். “அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. அந்தப் புள்ள நேத்து வீட்டுக்குப் போயிருச்சுல்ல? ஆரத்தியெல்லாம் எடுத்தாகள்ல?”

“அது வந்து...” என்று இழுத்தேன். இருநூறு பேருக்கு நாலு நிமிஷம் பேசுகிற வாய். பதில் சொன்னது, பூ வட்டத்தில் தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்த ஒல்லியான பெண். குரலை வைத்துத்தான் மாரி என்று தெரிந்தது.

“போயிருச்சு மாமா. அம்மாகிட்ட நான் சொன்ன சொல்லும் ஞாபகம் இருக்கு.” நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். “ஆனா அந்த வீட்டுல ஆளையே மாத்திப்புட்டாக. அடிச்சவன் வேற சானலுக்குப் போயிட்டான். இப்ப இருக்கறது புது ஆளு. அதான் நளினா போச்சு.” அப்போதுதான் நிமிர்ந்து நாலாவது நாற்காலியைப் பார்த்தாள். “இங்க அதே ஆளுதான வந்து உக்காந்திருக்காரு.”

பூக்கட்டுகிற பெண்களில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். பெரியப்பா குழம்பிப்போனார். “அதுக்காக நாங்க ஆள மாத்த முடியுமாத்தா?”

“முடியாதுல்ல மாமா. அதான் நான் வரல.”

மடியில் இருந்த டப்பாவின் மூடி அவன் பிடியில் நெளிந்து டப்பென்று சத்தம் போட்டது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காளியம்மாவும் பார்த்தார். டீத் தட்டைக் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தார். கதவருகே போய்த் துணிப்பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். எல்லோருக்கும் டீயை எடுத்து நீட்டிக்கொண்டே சொன்னார்: “ஆறுறதுக்குள்ள குடிங்க. பதினொண்ணரை பஸ்ஸ விட்டா அடுத்தது மத்தியானந்தான்.”

என் குரல் இன்னமும் காலை பதினொரு மணிக்குத் தவறாமல் போகிறது. ஆனால் பத்தரைக்கே மாரிக்குப் போன் போட்டு, நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.